அவுஷ்விட்ஸ் போகிறீர்களா? துக்கம் விசாரிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போலந்துக்குப் போவதாக முடிவானதும் நான் போட்ட பட்டியலில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: "அவுஷ்விட்ஸ் - அரை நாள்." இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் நாஜிகள் லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற வதைமுகாம் அது, இன்று நினைவிடமும் அருங்காட்சியகமும். அம்மா அதைப் படித்துவிட்டுக் கேட்டார், "இது சுத்திப் பார்க்கிற இடமாடா? துக்கம் கேக்கப் போறோம்னு எழுது." அதற்குப் பிறகு அந்த நாளைத் திட்டமிடுவது எனக்குச் சுலபமாகிவிட்டது. எப்படி உடுத்துவது, எதைப் பேசாமல் இருப்பது, எங்கே படம் எடுக்கக் கூடாது, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று எந்தச் சந்தேகம் வந்தாலும், "ஒரு சாவு வீட்டுக்குப் போனால் இதைச் செய்வோமா?" என்று கேட்டுக்கொண்டால் பாதிக்கு மேல் பதில் கிடைத்துவிடும். மீதி நடைமுறை விஷயம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

யார் வீட்டுத் துக்கம் என்று தெரிந்துகொண்டு போங்கள்

யார் இறந்தது என்று தெரியாமல் யாரும் துக்க வீட்டுக்குள் நுழைவதில்லை. ஆகவே முதல் வேலை வாசிப்பு. நிறைய வேண்டாம், இரண்டு மாலை நேரம் போதும்.

ஒஷ்வியென்சிம் என்பது தெற்குப் போலந்தில் ஒரு சிறிய ஊர். ஜெர்மானியர்கள் பிடித்த பிறகு அதற்கு வைத்த பெயர்தான் அவுஷ்விட்ஸ். போருக்கு முன் அந்த ஊர் மக்களில் பாதிக்கு மேல் யூதர்கள். 1940 ஜூன் 14 அன்று டார்னோவ் நகரச் சிறையிலிருந்து 728 போலந்து அரசியல் கைதிகளை இங்கே கொண்டுவந்தார்கள். முகாம் அப்படித் தொடங்கியது. பிறகு பக்கத்தில் பிர்கெனாவ் என்ற மிகப் பெரிய இரண்டாவது முகாம் வந்தது. ஐரோப்பா முழுவதிலுமிருந்து யூதர்களை ரயிலில் ஏற்றிவந்து விஷவாயு அறைகளில் கொல்வது அங்கேதான் பெருமளவில் நடந்தது. 1945 ஜனவரி 27 அன்று சோவியத் செம்படை வந்து சேர்ந்தபோது உள்ளே எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 7,000 பேர். ஐக்கிய நாடுகள் சபை 2005-ல் அந்தத் தேதியைத்தான் உலக நினைவு நாளாக அறிவித்தது.

கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 13 லட்சம் பேர். கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். போலந்துக்காரர்கள் 70,000-க்கும் மேல், ரோமா மக்கள் சுமார் 21,000, சோவியத் போர்க்கைதிகள் சுமார் 14,000. கையில் எண் பச்சை குத்திய படங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் எண் கிடைத்தது முகாமுக்குள் கைதியாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான், அதாவது சுமார் 4 லட்சம் பேருக்கு. ரயிலை விட்டு இறங்கியதும் நேராக விஷவாயு அறைக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் அந்த எண்கூடக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே பார்க்கிற ஒவ்வொன்றும் வேறு மாதிரி தெரியும்.

ரோமா மக்களைப் பற்றி நாம் தனியாக ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவர்கள் பேசும் ரோமானி மொழிக்கு வேர் இந்தியாவில் இருக்கிறது. அந்த மொழியில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னால் நம் வட இந்திய நண்பர்களுக்குப் பாதி புரியும். பிர்கெனாவில் அவர்களைக் குடும்பம் குடும்பமாக ஒரு பகுதியில் அடைத்திருந்தார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, அங்கே மிஞ்சியிருந்த 4,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரே இரவில் கொன்றார்கள். முதல் முகாமில் 13-ஆம் எண் கட்டடத்தில் அவர்களுக்கான கண்காட்சி இருக்கிறது. வழக்கமான சுற்றில் பெரும்பாலும் இது வராது. நீங்களாகத் தேடிப் போக வேண்டும்.

ஒரு சொல் எச்சரிக்கை. "போலந்து முகாம்" என்று சொல்லாதீர்கள். அது போலந்து மண்ணில் ஜெர்மானிய நாஜிகள் நடத்திய முகாம். யுனெஸ்கோ பட்டியலிலேயே 2007-ல் பெயரை மாற்றி "ஜெர்மானிய நாஜி" என்பதைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த நாட்டில் யாரிடம் பேசினாலும் இது சுருக்கென்று தைக்கும் விஷயம்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நம் உடம்புக்கு ஏற்றவை. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அலைமோதும். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, ஆனால் பிர்கெனாவ் திறந்த வெளி. காற்றுக்கு ஒதுங்க இடமில்லை, பனியில் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். ஒரு விதத்தில் குளிர்காலம்தான் சரியான காலம் என்றுகூட எனக்குத் தோன்றும்: நான்கு அடுக்கு உடுப்புக்குள்ளும் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது, மெல்லிய கோடு போட்ட உடுப்பில் நின்றவர்களைப் பற்றி வழிகாட்டி விளக்கவே தேவையில்லை. வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் இந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

புத்தாண்டு நாள், டிசம்பர் 25, ஈஸ்டர் ஞாயிறு ஆகிய மூன்று நாளும் மூடியிருக்கும். ஜனவரி 27 அன்று நினைவு நிகழ்ச்சி நடப்பதால் பொதுப் பார்வையாளர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. டிசம்பரில் பொழுது சீக்கிரம் போய்விடும் என்பதால் நுழைவு நேரமும் மதியத்தோடு முடிந்துவிடும். மூன்று மணிக்குப் போய்க்கொள்ளலாம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்று: கிராகோவ் நகரச் சுற்றுலாக் கடைகளில் "அவுஷ்விட்ஸும் வியெலிச்கா உப்புச் சுரங்கமும் ஒரே நாளில்" என்று பலகை வைத்திருப்பார்கள். உப்புச் சுரங்கம் அருமையான இடம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் எழவு வீடு, மாலையில் பொருட்காட்சி என்று யாராவது போவார்களா? அந்த நாளை முழுதாக ஒதுக்குங்கள்.

நுழைவுச்சீட்டும் இனிஷியலும்

நுழைவுக்குக் கட்டணம் இல்லை. வழிகாட்டிக்குத்தான் கட்டணம். ஆனால் இலவசமானாலும் நேரம் குறித்து முன்பதிவு செய்த சீட்டு வேண்டும். கோடையில் வாரக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அருங்காட்சியகத்தின் சொந்த முன்பதிவுத் தளத்தில் எடுப்பதே நல்லது. இடையில் விற்பவர்கள் பலர் உண்டு. அவர்களிடம் போக்குவரத்தும் சேர்த்து வாங்கலாம், ஆனால் நேரம் கடைசி நிமிடத்தில் மாறக்கூடும் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சீட்டில் பெயர் இருக்கும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நமக்கு இங்கேதான் வம்பு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், அல்லது இனிஷியல் விரிந்திருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். பழக்கத்தில் "கே. முருகன்" என்று அடித்துவிட்டு வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள்.

வழிகாட்டியோடு போவதா, தனியாகப் போவதா? முதல் தடவை என்றால் தயங்காமல் வழிகாட்டி. பொதுச் சுற்று சுமார் மூன்றரை மணி நேரம், இரண்டு முகாமும் சேர்த்து. அருங்காட்சியகமே பயிற்சி கொடுத்து உரிமம் வழங்கிய வழிகாட்டிகள் இவர்கள். பல மொழிகளில் உண்டு, தமிழில் கிடையாது. ஆங்கிலச் சுற்றுதான் அடிக்கடி இருக்கும். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலியில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியிலேயே கிடைக்கும். காதில் ஒலிக்கருவி மாட்டிவிடுவார்கள். வழிகாட்டி மைக்கில் மெதுவாகப் பேசுவார். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களுக்கு நீங்கள் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டே வருவது மற்றவர்களுக்குத் தொந்தரவு. முந்தின இரவே வீட்டுப் பேச்சுப்போல எல்லாவற்றையும் சொல்லி வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். உள்ளே அம்மாவிடம் நான் பேசியது மொத்தம் நான்கு வாக்கியம் இருக்கும்.

இன்னும் ஆழமாக வேண்டுவோருக்கு ஆறு மணி நேர ஆய்வுச் சுற்றும் உண்டு. ஏற்கெனவே ஒருமுறை போனவர்களுக்கு அதைச் சொல்வேன்.

போய்ச் சேர்வது

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுத்தடிக்காதீர்கள். போலந்தில் யூரோ செல்லாது, அவர்கள் பணம் ஸ்வோத்தி.

கிராகோவில் தங்குவது வசதி. அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே பேருந்து நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் பேருந்துகளில் அருங்காட்சியக வாசலிலேயே இறக்கிவிடுபவை உண்டு. ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூடக் குறைய ஆகும். ரயிலில் போனால் ஒஷ்வியென்சிம் நிலையத்தில் இறங்கிச் சுமார் 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அல்லது உள்ளூர்ப் பேருந்து பிடிக்க வேண்டும். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். விமான நிலையம் மாதிரி சோதனை உண்டு.

பை, உடை, சாப்பாடு

முதுகுப்பை வேண்டாம். உள்ளே சின்னக் கைப்பைதான் அனுமதி. பெரிய பையை வெளியே பொருள் காப்பகத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். நான் தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், அம்மாவின் மாத்திரை டப்பா என்று ஒரு மூட்டையோடு போய், அந்த வரிசையில் நின்று, எங்கள் குழு கிளம்பும் நேரத்துக்கு மூச்சிரைக்க ஓடிவந்தேன். தேவையில்லாத ஓட்டம். மாத்திரையையும் கடவுச்சீட்டையும் கோட்டுப் பையில் போட்டிருந்தால் முடிந்திருக்கும்.

உடை எளிமையாக இருக்கட்டும். கறுப்புதான் என்றில்லை, சேலை கட்டிக்கொண்டும் போகலாம், ஜரிகை வேண்டாம். வாசகம் அச்சடித்த பனியன், நடிகர் படம் போட்டது எதுவும் வேண்டாம். காலுக்குக் கெட்டியான ஷூ. பிர்கெனாவில் சரளைக் கல்லும் மேடு பள்ளமும். முதல் முகாமில் படிக்கட்டுகள் தேய்ந்து நடுவில் குழி விழுந்திருக்கும்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். ஸ்வஸ்திக் நமக்கு மங்களச் சின்னம். சங்கிலியில் பதக்கமாக, மோதிரத்தில், பர்ஸின் ஓரத்தில், கைப்பேசி உறையில் ஒட்டிய பிள்ளையார் படத்தின் மூலையில் என்று நமக்கே தெரியாமல் எங்காவது இருக்கும். நாஜிகளின் சின்னம் சாய்ந்தது, நம்முடையது நேரானது என்ற விளக்கமெல்லாம் அந்த வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பக்கத்தில் நிற்பவர் தன் பாட்டியின் பெயரைத் தேடி வந்தவராக இருக்கலாம். கிளம்பும் முன் ஒருமுறை உடம்பையும் பையையும் பார்த்து, இருந்தால் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். அது உங்கள் நம்பிக்கையை விட்டுக்கொடுப்பது ஆகாது. துக்க வீட்டுக்குப் போகும்போது குங்குமச் சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டா போகிறோம்?

நினைவிடத்துக்குள் சாப்பிடக் கூடாது. புளிசாதப் பொட்டலத்தை வெளியே, சோதனைக்கு முன்பே முடித்துவிடுங்கள். வயிறு காலியாகவும் போகாதீர்கள். மூன்றரை மணி நேரம் நடை, அதற்கு மேல் பார்க்கிற விஷயம். மயங்கி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா

14 வயதுக்குக் கீழே வேண்டாம் என்பதே அருங்காட்சியகத்தின் பரிந்துரை. தடை இல்லை, பரிந்துரைதான். என் கருத்து: பதினான்கு ஆகிவிட்டால் மட்டும் போதாது, பிள்ளைக்குப் போக விருப்பமும் இருக்க வேண்டும். விடுமுறைக்கு வந்த இடத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வரும் பிள்ளை அங்கே எல்லோருக்கும் பாரம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெரியவர்கள் முறை போட்டுக்கொண்டு இரண்டு நாளாகப் போங்கள்.

முதல் முகாம்

2023-ல் திறந்த புதிய வரவேற்புக் கட்டடத்திலிருந்து முகாமுக்குப் போக, தரைக்குக் கீழே இறங்கும் ஒரு கான்கிரீட் பாதையில் நடக்க வேண்டும். இரு பக்கமும் வெறும் சுவர். ஒலிபெருக்கியில் ஒரு குரல் பெயர்களை வாசித்துக்கொண்டே இருக்கும், கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வெளியே வந்தால் அந்த இரும்பு வாசகம்: "உழைப்பு விடுதலை தரும்" என்று ஜெர்மன் மொழியில். கைதிகளைக் கொண்டே அதைச் செய்யவைத்தார்கள். "பி" எழுத்தின் பெரிய வளைவு மேலே இருப்பதை, தலைகீழாக இருப்பதை, கவனியுங்கள். 2009 டிசம்பரில் அந்த வாசகத்தையே திருடிக்கொண்டு போனார்கள். சில நாளில் மூன்று துண்டாகக் கண்டெடுத்தார்கள். இப்போது வாசலில் இருப்பது நகல்.

செங்கல் கட்டடங்கள், வரிசையாக மரங்கள், அமைதியான தெரு. முதல் பார்வையில் ஏதோ பழைய கல்லூரி வளாகம் மாதிரி இருக்கும். அந்த நினைப்பு வந்ததற்காகக் கூச்சப்பட வேண்டாம், எல்லோருக்கும் வரும்.

4, 5-ஆம் எண் கட்டடங்களில்தான் பொருட்கள். கண்ணாடிக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடிகள், கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். செயற்கைக் கால்கள். பாத்திரங்கள். காலணிகள், அருங்காட்சியகத்திடம் இருப்பவை மட்டும் லட்சத்துக்கும் மேல். பெட்டிகள் இருக்கும் இடத்தில் நான் அதிக நேரம் நின்றேன். வெள்ளைப் பெயின்ட்டில், கொட்டை எழுத்தில், ஒவ்வொரு பெட்டியிலும் பெயர், பிறந்த தேதி, ஊர். நாம் வளைகுடாவுக்குப் போகும்போது அட்டைப் பெட்டியில் பெயரையும் ஊரையும் நான்கு பக்கமும் எழுதிக் கயிறு கட்டுவோமே, அதே கவனம். ஒருவர் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்தைச் சின்னதாக நெருக்கி எழுதியிருந்தார். பெட்டி திரும்பக் கிடைக்கும் என்று நம்பித்தானே அப்படி எழுதுவார்கள்.

4-ஆம் எண் கட்டடத்தில் தலைமுடி இருக்கும் அறை. கொல்லப்பட்ட பெண்களின் முடி, ஏறக்குறைய 2 டன். சில பின்னல்கள் அவிழ்க்காமல் பின்னியபடியே கிடக்கும். இங்கே படம் எடுக்கக் கூடாது. அது காட்சிப்பொருள் அல்ல, உடலின் பகுதி. உள்ளே போக முடியாது என்று தோன்றினால் போகாதீர்கள். வழிகாட்டியிடம் சைகை காட்டிவிட்டு வெளியே நிற்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

10, 11-ஆம் கட்டடங்களுக்கு நடுவில், கைதிகளை நிறுத்திச் சுட்டுக் கொன்ற சுவர் இருக்கும் முற்றம். பூவும் மெழுகுவர்த்தியும் வைத்திருப்பார்கள். அங்கே முழு மௌனம். 11-ஆம் கட்டடத்தின் நிலவறையில்தான் மாக்சிமிலியன் கோல்பே என்ற கத்தோலிக்கத் துறவியை அடைத்திருந்தார்கள். ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தபோது, அவர்களில் மனைவி மக்கள் உள்ள ஒருவருக்குப் பதிலாகத் தானே முன்வந்தவர். 1941 ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். 1982-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். நிலவறையிலும் படம் எடுக்க அனுமதி இல்லை. வழி குறுகல், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் 27-ஆம் எண் கட்டடத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே ஒரு பெயர்ப் புத்தகம் இருக்கிறது. ஆளுயரத் தாள்கள், இங்கே மட்டுமல்ல, எல்லா இடங்களிலும் நாஜிகளின் இனப்படுகொலையில் இறந்த யூதர்களின் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். நான் பார்த்தபோது ஒரு முதியவர் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்து, ஓரிடத்தில் நிறுத்தி, அங்கேயே விரலை வைத்தபடி நின்றார். வரிசையில் பின்னால் நின்ற நாங்கள் வேறு பக்கத் தாளுக்கு நகர்ந்துவிட்டோம்.

பிர்கெனாவ்

இரண்டுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர். இலவசப் பேருந்து ஓடும். நடுவில் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள், அங்கே நடை அதிகம். நேரமில்லை என்று சிலர் முதல் முகாமோடு திரும்பிவிடுகிறார்கள். அது திண்ணையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவது மாதிரி. கொல்லப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டது பிர்கெனாவில்தான்.

வாயிலைத் தாண்டி உள்ளே ஓடும் தண்டவாளம் 1944 மே மாதம் போட்டது. ஹங்கேரி யூதர்களை வேகமாகக் கொண்டுவருவதற்கென்றே. இரண்டு மாதத்துக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அங்கிருந்து ஏற்றிவந்தார்கள். இறங்குமேடையில் ஒற்றைச் சரக்குப் பெட்டி நிற்கும். அந்த மேடையில்தான் நாஜி மருத்துவர் ஒருவர் கையை அசைத்து, இந்தப் பக்கம் முகாம் வேலைக்கு, அந்தப் பக்கம் விஷவாயு அறைக்கு என்று பிரித்தது.

கண்ணுக்கெட்டிய தூரம் செங்கல் புகைபோக்கிகள் நிற்பதைப் பார்த்து, "இத்தனை எரியூட்டுக் கூடங்களா!" என்று பலர் திகைப்பார்கள். அவை மரக் கொட்டடிகளின் கணப்புப் புகைபோக்கிகள். மரம் போய்விட்டது, செங்கல் மட்டும் நிற்கிறது. குதிரை லாயத்துக்கான வரைபடத்தில் கட்டிய கொட்டடிகள் அவை. 52 குதிரைக்கான இடத்தில் 400 மனிதர்களுக்கு மேல். எரியூட்டுக் கூடங்கள் கோடியில் இடிபாடுகளாகக் கிடக்கின்றன. 1945 ஜனவரியில் ஓடிப்போகும் முன் நாஜிகளே வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒன்றை மட்டும் 1944 அக்டோபர் 7 அன்று, அங்கே வேலைசெய்ய வைக்கப்பட்டிருந்த யூதக் கைதிகள் எதிர்த்தெழுந்து கொளுத்தினார்கள். அவர்களுக்கு வெடிமருந்து கடத்திக் கொடுத்த நான்கு பெண்களை 1945 ஜனவரி 6 அன்று தூக்கிலிட்டார்கள், செம்படை வந்து சேர மூன்று வாரம் இருக்கும்போது.

இடிபாடுகளின் மேல் ஏறாதீர்கள், உட்காராதீர்கள், கல் ஒன்றைக்கூட நினைவாக எடுத்து வராதீர்கள். அங்கே உள்ள குளங்களிலும் புல்வெளியிலும் சாம்பல் கொட்டப்பட்டிருக்கிறது. குறித்த பாதையை விட்டு இறங்காமல் நடக்கச் சொல்வது அதனால்தான்.

கால் ஒத்துழைத்தால் கடைக்கோடியில் உள்ள, கைதிகளைக் குளிப்பாட்டி எண் கொடுத்த கட்டடம் வரை போய்வாருங்கள். கொண்டுவரப்பட்டவர்களின் பெட்டிகளில் இருந்த குடும்பப் படங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். கல்யாணம், கடற்கரை, தொட்டிலில் குழந்தை, சைக்கிளோடு போஸ் கொடுக்கும் பையன். பெரும்பாலும் பெஞ்சின், சோஸ்னோவியெட்ஸ் ஊர்களைச் சேர்ந்த குடும்பங்கள். அவ்வளவு நேரம் எலும்பும் தோலுமான உருவங்களைப் பார்த்துவிட்டு வந்து இவர்கள் சிரிப்பதைப் பார்த்தபோதுதான் அம்மா முதல்தடவையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படம் எடுப்பது

பொதுவாக அனுமதி உண்டு. ஃபிளாஷும் முக்காலியும் கூடாது, முன்பு சொன்ன இரண்டு இடங்களில் அறவே கூடாது. சட்டம் அவ்வளவுதான். ஆனால் "எல்லாரும் இப்படி வாங்க, ஒரு குரூப் போட்டோ" என்ற நம் வழக்கம் இருக்கிறதே, அதை வாசலோடு விட்டுவிடுங்கள். வாசகத்துக்குக் கீழே வரிசையாக நின்று சிரிப்பது, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சோகமாகப் பார்ப்பது இரண்டும் ஒன்றுதான். தண்டவாளத்தின் மேல் கையை விரித்து நடந்து படம் எடுத்துப் போடுகிறவர்கள் இவ்வளவு பேர் ஆனதால், 2019-ல் அருங்காட்சியகமே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது: பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட இடம் இது, அப்படி நடந்து பழக வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன என்று. தேவை என்றால் ஆளில்லாமல் ஒன்றிரண்டு எடுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அன்று லீவு.

பேச்சு

வீட்டில் கண்டிப்பான அப்பாவையும் பள்ளியில் தலைமையாசிரியரையும் "ஹிட்லர்" என்று பட்டப்பெயர் வைத்துப் பழகியவர்கள் நாம். அவன் சுயசரிதையை நடைபாதைக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களோடு அடுக்கி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறோம். அந்த வாய்ப்பழக்கம் அங்கே தப்பித் தவறிக்கூட வந்துவிடக் கூடாது. தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியும் என்று நினைக்காதீர்கள். "ஹிட்லர்" என்ற சொல் எல்லா மொழியிலும் புரியும்.

"ஏன் எதிர்த்துப் போராடவில்லை?" என்ற கேள்வியையும் வழிகாட்டியிடம் எறியாதீர்கள். எங்கே, எப்படி எதிர்த்தார்கள் என்று கேட்டால் நிறையச் சொல்வார். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு மனம் வேறொரு கடற்கரைக்கு ஓடும். ஓடட்டும், அதைத் தடுக்க யாராலும் முடியாது. ஆனால் எண்ணிக்கையை வைத்து ஒப்பிடும் பேச்சை வெளியே வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுத் துக்கத்தில் உட்கார்ந்து நம் வீட்டுத் துக்கத்தை அளந்து காட்டுவதில்லை.

அழுகிறவரைப் பார்த்தால் பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள். கொடி போர்த்திய இளைஞர் கூட்டம் பாடிக்கொண்டு வந்தால், அல்லது ஒரு குழு நின்று பிரார்த்தனை சொன்னால், ஒதுங்கி வழிவிடுங்கள். யூதர்கள் கல்லறையில் பூவுக்குப் பதிலாகச் சிறு கல்லை வைப்பார்கள். நீங்களும் ஏதாவது வைக்க விரும்பினால் வெளியே வாங்கிய ஒரு மெழுகுவர்த்தியை பிர்கெனாவில் உள்ள நினைவுச்சின்னத்தின் அருகே வைக்கலாம். ஊதுவத்தி, கற்பூரம், தேங்காய் வேண்டாம்.

திரும்பிய பிறகு

அன்று மாலைக்கு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் கிராகோவிலேயே, யூதர்கள் வாழ்ந்த பழைய காஷிமியேஷ் பகுதிக்குப் போங்கள். அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அங்கே கொஞ்சம் தெரியும். தொழுகைக்கூடம், இடுகாடு இரண்டிலும் ஆண்கள் தலையை மூட வேண்டும். சனிக்கிழமை பெரும்பாலான தொழுகைக்கூடங்களைப் பார்க்க முடியாது. ஆற்றைத் தாண்டினால், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த பழைய கெட்டோ பகுதியின் சதுக்கத்தில் வெறும் நாற்காலிகளை நட்டு வைத்திருக்கிறார்கள், மொத்தம் 70. வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது மக்கள் தூக்கிவந்து தெருவில் போட்ட சாமான்களின் நினைவாக. ஒஷ்வியென்சிமிலேயே ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஊருக்குள் எஞ்சியிருக்கும் ஒரே தொழுகைக்கூடத்தையும் அதை ஒட்டிய யூத அருங்காட்சியகத்தையும் பாருங்கள். அந்த ஊரின் கடைசி யூதர் 2000-ல் இறந்துபோனார்.

எங்கள் சுற்று பிர்கெனாவ் நினைவுச்சின்னத்தின் அருகே முடிந்தது. வழிகாட்டி "நன்றி" என்று மட்டும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. நான் அவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லையே. பேருந்தில் ஒன்றரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கிராகோவ் வந்து சேரும்போது இரவு எட்டு மணி, வெளியே நல்ல குளிர். பசிக்கிறதா என்று கேட்டேன். "இரு, தலைக்கு ஊத்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போனார்.